திசம்பர் 25 – யாருடைய திருநாள்?

(தமிழ் மன்றக் கூட்டம் ஒன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மார்கழி பிறந்து திசம்பர் 25 நெருங்கும்போதெல்லாம் தமிழ்நாட்டில் இருவகைக் குரல்கள் எழுவது வழக்கம். "அந்நாள் இயேசு பிறந்த நாளே அன்று, உரோமை நகரில் ஞாயிற்றை வழிபட்டோரின் நாள், அதைக் கிறித்துவர் கவர்ந்துகொண்டனர், ஆகவே அது கிறித்துவர்க்கே உரியதன்று" என்பது ஒரு குரல். "அது மேனாட்டார் திருநாள், வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கியது, அதைக் கொண்டாடுவோர் தமிழராயினும் அயலார் போல்வரே" என்பது மற்றொரு குரல். இவ்விரு குரல்களுக்கும் இடையே அகப்பட்ட தமிழ்க் கிறித்துவர் பலரோ, தம் திருநாளை ஆங்கிலப் பெயரால் அழைத்து, பனிக்கட்டி விழாத மண்ணில் பஞ்சைப் பனியாகத் தூவி, இரண்டாம் குரலுக்குத் தாமே சான்று தேடித் தருகின்றனர்.

ஆகலின், அந்நாள் எவ்வாறு வந்தது, அத் திருநாள் யாருக்கு உரியது என்னும் இரு வினாக்களையும் வரலாற்று முறையில் ஆராய்தல் வேண்டும். நாளின் வரலாறு வேறு. திருநாளின் உரிமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே மேற்கூறிய இரு குரல்களின் பொதுப்பிழை என்க.

நற்செய்தி நூல்களில் நாள் இல்லை

இயேசுவின் வாழ்க்கையைக் கூறும் நற்செய்தி நூல்கள் நான்கு. அவற்றுள் பிறப்பு நிகழ்ச்சியைப் பேசுவன மத்தேயு, இலூக்கா என்னும் இரண்டே. அவ்விரண்டிலும் நாளும் இல்லை, திங்களும் இல்லை. இடையர் இரவில் வெளியிடத்தில் தங்கி மந்தையைக் காத்துக்கொண்டிருந்தனர் என்னும் ஒரு குறிப்பு மட்டும் இலூக்காவில் உண்டு. யூதேய மலைப்பாங்கில் திசம்பர் இறுதி குளிரும் மழையும் மிக்க பருவமாதலின், அக்குறிப்பு அப்பருவத்திற்கு ஒவ்வாது என்பர் ஒரு சாரார்; அவ்விடத்து ஆடுகள் குளிர்காலத்திலும் வெளியில் மேய்வதுண்டு என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும் நூலில் நாள் இல்லை என்பது உறுதி.

ஆண்டும் அத்தகையதே. கிறித்துவின் பிறப்பை முதலாகக் கொண்டு ஆண்டை எண்ணும் முறையை வகுத்தவர் தியோனீசியு என்னும் துறவி; காலம் கி.பி. 525. ஆனால், ஏரோதரசன் காலத்தில் இயேசு பிறந்தார் என்கிறார் மத்தேயு. ஏரோது கி.மு. 4-இல் இறந்தான் என்பது வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் முடிபு. அங்ஙனமாயின், கிறித்து 'கிறித்துவுக்கு முன்' பிறந்தவர் ஆகின்றார்! கணக்கு மாந்தர் வகுத்தது. அதில் பிழை நேர்தல் இயல்பே.

தொடக்கக் காலக் கிறித்துவர் இதுபற்றிக் கவலை கொண்டதாகவும் தெரியவில்லை. அவர்கள் போற்றியது இயேசுவின் இறப்பையும் உயிர்த்தெழுகையையுமே. 3-ஆம் நூற்றாண்டினரான ஒரிகன் என்னும் பேரறிஞர், மறைநூலில் தம் பிறந்தநாளைக் கொண்டாடியவர் எகிப்து மன்னன் பாரவோனும் ஏரோதும் போன்ற கொடியவரே என்று சுட்டிப் பிறந்தநாள் விழாவையே பழித்தார். அவர்க்கு முன், கி.பி. 200-ஐ ஒட்டி, அலெக்சாந்திரியாவின் கிளமெந்து என்பார், இயேசு பிறந்தது மே 20 என்பாரும் ஏப்பிரல் 19 அல்லது 20 என்பாரும் உளர் என எழுதினார். கி.பி. 243-இல் எழுந்த கணிப்பு நூல் ஒன்று மார்ச்சு 28 என்றது. திசம்பர் 25 என இவர்களுள் ஒருவரும் கூறிற்றிலர்.

ஒரே ஏட்டில் இரண்டு குறிப்புகள்

திசம்பர் 25 என்னும் நாள் ஐயமின்றிக் காணப்படுவது உரோமை நகரில் கி.பி. 354-இல் தொகுக்கப்பெற்ற ஓர் ஏட்டிலாகும். பிலோக்கலசு என்னும் எழுத்தோவியர் எழுதியது அது. அதில், சமயத்திற்காக உயிர்நீத்த ஈகியரின் நினைவுநாட் பட்டியல் ஒன்றுண்டு. அப்பட்டியலின் தலைப்பில் திசம்பர் 25-ஆம் நாளுக்கு நேராகக் கிறித்து யூதேய நாட்டுப் பெத்லகேமில் பிறந்தார் என்று குறிக்கப்பட்டுள்ளது. இப்பட்டியல் முதலில் தொகுக்கப்பட்டது கி.பி. 336-இல் என்பர். எனவே, 336 அளவில் உரோமையில் இந்நாள் நிலைபெற்றுவிட்டது எனலாம்.

அதே ஏட்டில், நகரின் பொது விழாக்களைக் கூறும் நாட்காட்டி ஒன்றும் உள்ளது. அதிலும் திசம்பர் 25-க்கு ஒரு குறிப்பு உண்டு. 'வெல்லப்படாதவனின் பிறப்பு, தேரோட்டம் முப்பது' என்பது அதன் பொருள். 'வெல்லப்படாதவன்' என்றது ஞாயிற்றுக் கடவுளை. கி.பி. 274-இல் ஔரேலியன் என்னும் பேரரசன் அக்கடவுளுக்கு உரோமையில் பெருங்கோயில் எடுத்தான்.

ஒரே கட்டில் கிறித்துவின் பிறப்பும் ஞாயிற்றின் பிறப்பும் ஒரே நாளில்! இதனைக் கண்டே, முன்னதற்குப் பின்னதே மூலம் எனப் பலர் முடிவு கட்டினர்.

நாள் வந்த வழி

இந்நாள் வந்த வழிக்கு ஆய்வாளர் கூறும் விளக்கங்கள் இரண்டு.

முதலாவது, ஞாயிற்று விளக்கம். ஞாயிறு தென்செலவை முடித்து வடசெலவைத் தொடங்கும் நாளாகத் திசம்பர் 25-ஐ உரோமர் குறித்துவைத்திருந்தனர். இருள் குறைந்து ஒளி வளரத் தொடங்கும் அந்நாளை ஞாயிற்றின் பிறந்தநாள் எனக் கொள்வது பொருத்தமே. பேரரசும் கிறித்துவமும் கைகோத்த 4-ஆம் நூற்றாண்டில், மக்கள் விட மனமில்லாத பழைய விழா நாளில் புதிய விழாவை அமைத்தனர் என்பது இவ்விளக்கம்.

இரண்டாவது, கணக்கு விளக்கம். 1889-இல் துசேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை விரித்துரைத்தார். இயேசு சிலுவையில் இறந்த நாள் மார்ச்சு 25 என்பது மேலைக் கிறித்துவரிடை வழங்கிய பழங்கணக்கு. சான்றோர் வாழ்நாள் குறைவின்றி முழுமையாக அமையும் என்னும் கருத்தால், அதே நாளிலேயே அவர் கருவில் தோன்றினார் எனவும் கொண்டனர். மார்ச்சு 25-இலிருந்து ஒன்பது திங்கள் எண்ணினால் திசம்பர் 25. கீழை நாட்டினரோ இறந்த நாளை ஏப்பிரல் 6 என்றனர். அதிலிருந்து ஒன்பது திங்கள் எண்ணினால் சனவரி 6. கீழைக் கிறித்துவர் முதலில் கொண்டாடியதும் சனவரி 6-ஐயே என்பது இவ்விளக்கத்திற்கு வலிவூட்டுகிறது.

இவற்றுள் எது மூலம், எது வழி என்பதில் அறிஞரிடை இன்றும் வழக்குண்டு. ஞாயிற்று விழாவும் கிறித்து விழாவும் அந்நாளில் நடந்தமைக்கு முதற்சான்று மேற்கூறிய ஒரே ஏடாதலின், முந்தியது இதுவே என ஒருவர் மேசையைத் தட்டிச் சொல்லிவிட இயலாது. மித்திரன் என்னும் கடவுள் பிறந்ததும் அந்நாளே என்று மேடைதோறும் முழங்கப்படுகிறது. அதற்குப் பழஞ்சான்று யாதுமில்லை. சனிக்கடவுளுக்கு உரோமர் எடுத்த களியாட்டு விழாவே இது என்பாரும் உளர். அவ்விழா திசம்பர் 17-இல் தொடங்கி 23-இல் முடிந்துவிடுவது. எதிரியை வீழ்த்துதற்காயினும் பொய்ச்சான்று காட்டுதல் தமிழறம் ஆகாது.

பழைய வழிபாட்டின் சாயல் விழாவில் படிந்தது என்பதும் மறுக்கவொண்ணாதது. 5-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தையாயிருந்த பெரிய இலியோ, பேதுருவின் கோயில் படிகளில் ஏறிய கிறித்துவர் சிலர் உள்ளே புகுமுன் திரும்பி நின்று எழுஞாயிற்றை வணங்கியதைக் கடிந்து பேசியுள்ளார். அவர்க்கு முற்பட்ட அகுத்தீனோ, கிறித்துவர் அந்நாளைப் போற்றுவது ஞாயிற்றின் பொருட்டன்று, ஞாயிற்றைப் படைத்தவன் பொருட்டே என விளக்கினார். மக்கள் மனத்தில் பழையதும் புதியதும் கலந்து நின்றமைக்கு அக்கண்டனமும் இவ்விளக்கமுமே சான்று.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? ஞாயிற்றின் செலவை நோக்கி விழா அமைத்தல் உலகப் பொதுவழக்கு. தை முதல்நாளை வடசெலவின் தொடக்கமாகத் தமிழர் போற்றுகின்றனர். வானியற்படி ஞாயிறு வடக்கே திரும்புவது இன்று திசம்பர் 21 அல்லது 22. வான்கணக்கும் தை முதல்நாளும் ஒன்றியிருந்த காலம் சற்றொப்ப 1700 ஆண்டுகட்கு முற்பட்டது. வானம் நகர்ந்தது, திருநாள் நகரவில்லை. அதனால் பொங்கல் தமிழருடையது அன்று என்று ஆகிவிடுமா? உரோமரின் 25-உம் இவ்வாறே, 4-ஆம் நூற்றாண்டிலேயே உண்மைத் திரும்புநாளுக்குச் சில நாள் பிந்திப் போனதுதான். விழா வானத்தில் நிகழ்வதன்று. மக்கள் நெஞ்சத்தில் நிகழ்வது.

பெத்லகேமிலேயே மூன்று நாள்

கிறித்துவர் அனைவரும் ஒரே நாளில் கொண்டாடுகின்றனர் என்பதும் தவறு. அந்தியோக்கியா நகரில் கி.பி. 386-ஐ ஒட்டிப் பேருரையாற்றிய யோவான் – தம் நாவன்மையால் 'பொன்வாயர்' எனப் பெயர் பெற்றவர் – திசம்பர் 25 விழா அந்நகர்க்கு வந்து பத்தாண்டும் நிரம்பவில்லை என்று கூறி, அதனை ஏற்குமாறு மக்களை வேண்டினார். உரோமைக் கணக்கு கிழக்கே சென்ற காலம் அது. அர்மீனியர் மட்டும் அதனை இன்றுவரை ஏற்றிலர். பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்து அவர்கள் சனவரி 6-லேயே கொண்டாடுகின்றனர்.

பின்னர், நாட்காட்டியே இரண்டாயிற்று. சூலியசு சீசர் கி.மு. 45-இல் நடைமுறைப்படுத்திய கணக்கில் ஆண்டுக்குப் பதினொரு நிமையம் மிகை. அது சேர்ந்து சேர்ந்து பல நாளாயிற்று. 1582-இல் திருத்தந்தை 13-ஆம் கிரிகோரி பத்து நாளை நீக்கி, அத்தோபர் 4-க்கு மறுநாளை அத்தோபர் 15 ஆக்கினார். உருசியர், செர்பியர், எகிப்தின் கோப்தியர், எத்தியோப்பியர் முதலானோர் தம் வழிபாட்டில் பழங்கணக்கையே வைத்துக்கொண்டனர். இன்று இரண்டிற்கும் இடைவெளி 13 நாள். ஆதலின் அவர்கட்குத் திருநாள் சனவரி 7.

இயேசு பிறந்த பெத்லகேமில், அவர் பிறந்த இடமெனப் போற்றப்படும் அதே கோயிலைச் சார்ந்து, திசம்பர் 25-இல் இலத்தீன் மரபினரும், சனவரி 7-இல் கிரேக்க மரபினரும், சனவரி 19-இல் பழங்கணக்கைப் பின்பற்றும் அர்மீனியரும் ஒருவர் பின் ஒருவராக அப்பிறப்பைக் கொண்டாடுகின்றனர். பிறந்த ஊரிலேயே மூன்று நாள்! இதில் எவர் நாள் மெய், எவர் நாள் பொய்?

அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்று இனவுணர்வாளர் அனைவரும் கருதத்தக்கது. உக்ரைன் நாட்டார் நெடுங்காலம் சனவரி 7-ஐயே போற்றிவந்தனர். உருசியப் படையெடுப்பால் குருதி சிந்திய நிலையில், 2023 சூலையில் அந்நாட்டரசு சட்டம் இயற்றி, சனவரி 7-ஐ அரசு விடுமுறையினின்று நீக்கித் திசம்பர் 25-ஐயே திருநாளாக நிறுத்தியது. மாற்றார் மரபினின்று தம்மைப் பிரித்துக்கொள்ள அவர்கள் திருநாளின் நாளையே மாற்றினர். நாள் மாறியபின்னும் திருநாள் அவர்களுடையதே. நாள், உரிமையைக் காட்டும் கருவியேயன்றி உரிமையின் வேர் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

தடுத்தவரும் கிறித்துவரே

'இவ்விழா மேனாட்டாருடையது' என்பார்க்கு மேனாட்டு வரலாறே மறுமொழி தரும். 1647-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இத் திருநாளை ஒழித்துச் சட்டம் இயற்றியது. இயற்றியவர் கிறித்துவ மறையைக் கரைத்துக் குடித்த தூய்மையாளர். மறைநூலில் இல்லாத நாளைக் கொண்டாடலாகாது என்பது அவர் கொள்கை. அவ்வாண்டுத் திருநாளன்று கேண்டர்பரி நகரில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கடல்கடந்து அமெரிக்காவிற் குடியேறிய அவர் கொள்கையினர், 1659-இல் மாசாச்சூசெட்சில் இந்நாளைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து சில்லிங்குத் தண்டம் விதித்தனர். அச்சட்டம் 1681 வரை நின்றது. காத்துலாந்தில் இந்நாள் பொது விடுமுறையானது 1958-இல்தான்.

தண்டம் விதித்த நாட்டாரிடமிருந்து இன்று விழாவின் உடை, மரம், வண்டி, பனி அனைத்தையும் கடனாகப் பெற்று, 'இதுவே கிறித்துவம்' என வணிகர் விற்கின்றனர். விழாவின் உரிமை பாராளுமன்றத்தாரிடமும் இருந்ததில்லை, வணிகரிடமும் இல்லை. தடை வந்தபோதும் கைவிடாது காத்த எளிய மக்களிடமே இருந்தது.

பெயரிற் பொறித்த உரிமை

அங்ஙனம் மக்கள் ஒரு விழாவைத் தமதாக்கிக்கொண்டதை எதனால் அறிவது? அவர்கள் அதற்கு இட்ட பெயரால் அறியலாம். கிரேக்கர் இதனைக் 'கிறித்து பிறப்பு' எனப் பொருள்படும் தம் சொல்லாற் சொல்வர். அர்மீனியர் 'தூய பிறப்பு' என்பர். உருசியரும் 'பிறப்பு' என்பர். செருமானியர் 'தூய இரவுகள்' என்பர். சுவீடியர் முதலிய வடபுலத்தார், கிறித்துவம் வருமுன்பே தம் குளிர்கால விழாவிற்கு வழங்கிய 'யூல்' என்னும் பழஞ்சொல்லையே இன்றும் ஆள்கின்றனர். ஆங்கிலரின் 'கிறிசுமசு' என்பதோ, கிறித்துவின் வழிபாட்டுப் பலி எனப் பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடரின் மரூஉ. அதன் ஈற்றுச்சொல், வழிபாட்டின் முடிவில் மக்களை 'விடைகொடுத்து அனுப்புதல்' எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லினின்று வந்தது. அது ஆங்கிலர்க்கு உரிய சொல். அவர் வரலாற்றில் விளைந்த சொல். தமிழர்க்கு அதில் என்ன உறவு?

தமிழர் நிலையைக் காண்க. தமிழ்நாட்டில் வழங்குவது ஆங்கிலர் விட்டுச்சென்ற 'கிறிசுமசு'. ஈழத்தில் வழங்குவது 'நத்தார்'. இது போர்த்துக்கீசியரின் 'நத்தால்' என்னும் சொல்லின் திரிபு. 'பிறப்பு' என்பதே அதன் பொருள். 1619-இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கீசியர் 1658-இல் ஒல்லாந்தரிடம் தோற்று அகன்றனர். அவர் போய் மூன்றரை நூற்றாண்டு கடந்தும் சொல் போகவில்லை. ஒரே தமிழினம், ஒரே திருநாள், இரு கரைகளில் இரு பெயர்கள், இரண்டும் ஆண்டவனைப் பற்றியனவல்ல, ஆண்டவரைப் பற்றியன! யார் யாரை ஆண்டார் என்பதற்கு இச்சொற்களே கல்வெட்டு.

வெறும் பெயர்தானே, இதில் என்ன என்பார் உளர். அவர்கள் 'கிறித்து' என்னும் சொல்லையே எண்ணிப் பார்க்கட்டும். 'திருநெய் பூசப்பெற்றவர்' எனப் பொருள்படும் எபிரேயச் சொல் 'மேசியா'. அதனைக் கிரேக்கர் அப்படியே கடன்கொண்டு நின்றிலர். 'கிறித்து' எனத் தம் மொழியிற் பெயர்த்துக்கொண்டனர். ஒரு சமயத்தின் தலைவர் பெயரே மொழிபெயர்ப்பால் நிலைத்திருக்க, அவர் பிறந்த விழாவின் பெயரைத் தமிழிற் பெயர்த்தால் சமயம் கெட்டுவிடுமா?

தமிழில் நின்ற கிறித்துவம்

இவ்வழியைத் தமிழ்மண்ணில் முன்னமே காட்டியவர் உளர். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்', அச்சுக்கண்ட முதற்றமிழ் நூல்களுள் ஒன்று, கிறித்துவ நூல். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-இல் அச்சிட்டு முடித்தார். இத்தாலி நாட்டிற் பிறந்த பெசுகி (1680–1747), முதலில் தைரியநாதர் என வழங்கப்பெற்று, பின்னர் வீரமாமுனிவர் ஆனார். அவர் பாடிய தேம்பாவணியில் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய யோசேப்பு 'வளன்' ஆகின்றார். திருமுழுக்கு யோவான் 'கருணையன்' ஆகின்றார். பெயரின் பொருளறிந்து தமிழாக்கிய பெருந்தகை அவர். வெளிநாட்டிற் பிறந்தவர்க்கு வாய்த்த அத் துணிவு, தமிழ்நாட்டிற் பிறந்தவர்க்கு வாராமை என்னை?

ஆயினும், கத்தோலிக்கக் கோயில்களில் திருப்பலி நெடுங்காலம் இலத்தீனிலேயே நடந்தது. பொருள் விளங்காமலே மக்கள் முழந்தாளிட்டு நின்றனர். 1963 திசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுமன்றம் வெளியிட்ட ஆவணம் மக்கள் மொழிக்கு வழிபாட்டில் இடம் திறந்தது. அதன்பின் பலிமேடையில் தமிழ் ஒலிக்கலாயிற்று. தமிழ்நாட்டுக் கோயில்களின் கருவறையில் தமிழ் ஒலிக்க வேண்டும் எனக் கேட்போர் அனைவரும் கருதிப் பார்க்கத்தக்க நிகழ்ச்சி அது. இறைவனுக்குத் தமிழ் விளங்காது என்னும் மடமை உரோமையிலேயே உடைந்துபோயிற்று. இங்குள்ளோர்க்கு மட்டும் உடையலாகாதோ?

தனித்தமிழ்க்கு வேர் கண்ட மொழிஞாயிறு பாவாணர் கிறித்துவக் குடியிற் பிறந்தவரே. அவரை அயலார் என்று சொல்லத் துணியும் நா எது? கிறித்துவர் அயலார் அல்லர், தமிழர். அயலானது அவர் சமயமன்று. அச்சமயத்தின் மேல் ஒட்டிக்கொண்ட ஆங்கிலமே. அவ்வொட்டு கிறித்துவர்க்கு மட்டும் உரியதுமன்று. எல்லாச் சமயத் தமிழரையும் பற்றிய நோய்.

முடிபு

ஆகவே, முதற்குரலினர்க்கு மறுமொழி இது: நாள் உரோமையினது; ஞாயிற்று விழாவின் சாயலும் அதில் உண்டு; ஆயினும் அப்பிறப்பைப் போற்றுவோர்க்கே திருநாள் உரியது. இரண்டாங் குரலினர்க்கு மறுமொழி: அது ஐரோப்பியரின் தனியுடைமையன்று, எத்தியோப்பியனும் அர்மீனியனும் தத்தம் மொழியில் தத்தம் நாளில் கொண்டாடுவது, தமிழன் தமிழிற் கொண்டாடினால் அது தமிழன் திருநாளே.

தமிழ்க் கிறித்துவ உடன்பிறப்புகளுக்கு வேண்டுகோள் மூன்று. வாழ்த்து மடல்களில் 'கிறித்து பிறப்பு விழா வாழ்த்து' எனத் தமிழில் அச்சிடுக. பிள்ளைகட்கு வளன், கருணையன், அருள், அன்பரசி என விளங்கும் பெயர் இடுக. பஞ்சுப் பனியை விடுத்துக் கோலமும் அகல்விளக்குமாய் முற்றத்தை அணிசெய்க. பிற சமயத்தார்க்கு வேண்டுகோள் ஒன்றே: அந்நாளில் அண்டை வீட்டுக் கிறித்துவரைத் தமிழில் வாழ்த்துக. அவர் தமிழரென்பதை அவர்க்கும் பிறர்க்கும் நினைவூட்ட அவ்வொரு வாழ்த்தே போதும்.

நாளை உரோமை கொடுத்தது. பெயரையும் உரோமையும் இலண்டனும் இலிசுபனும் கொடுக்கவேண்டிய தேவை தமிழர்க்கு இல்லை. பெயரைத் தமிழ் கொடுக்கட்டும், திருநாள் தமிழருடையதாகும்.

வாழ்க தமிழினம்! வெல்க தமிழ்!